நான்கெல்லைக்கு உட்பட்ட வீடு

1

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே, ஜிஎஸ்டி சாலையை விட்டு ஐந்தாறு கிலோமீட்டர் உள்ளே தள்ளி ஒரு கிராமம். போன வருடம் அங்கே ஒரு பழைய வீட்டை விலை பேசினேன். நாட்டு ஓடு, வாசலின் இரண்டு பக்கமும் திண்ணை, உள்ளே மழை விழுகிற முற்றம். லேப்டாப்போடு எங்கே உட்கார்ந்து வேண்டுமானாலும் வேலை செய்யலாம் என்று அலுவலகம் சொன்ன பிறகு என் வயதுக்காரர்கள் பலருக்கும் வருகிற ஆசைதான். சுவரில் விரிசல் இருக்கிறதா, உத்திரத்தைக் கரையான் தின்றிருக்கிறதா என்று தட்டித் தட்டிப் பார்த்தேன். ஒரு கொத்தனாரைக் கூட்டிப் போய்க் காட்டினேன். வீடு தேறியது.

தேறாதது கணக்கு.

விற்பவரிடம் இருந்த மூலப்பத்திரம் 1962இல் எழுதியது. தென்னாற்காடு ஜில்லா, திண்டிவனம் தாலுகா என்று தொடங்கும். அதில் மனையின் அளவு கிழமேலடி 22, தென்வடலடி 70. பெருக்கினால் 1,540 சதுர அடி. பிற்பாடு வாங்கிய நத்தம் பட்டாவில் 158 சதுர மீட்டர். அதை அடிக்கணக்காக்கினால் 1,700. இடையில் யாரும் வாங்கவில்லை, விற்கவில்லை. மனை மட்டும் 160 சதுர அடி வளர்ந்திருக்கிறது.

“கூடத்தானே சார் இருக்கு? கொறைஞ்சாதான் பிரச்சனை. கவர்மெண்ட்டே உங்களுதுன்னு எழுதிக் குடுத்திருக்கு, அப்புறம் இன்னா?” என்றார் தரகர்.

எனக்கும் முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன் நான். இரண்டு பதிவுகள் முரண்பட்டால் கடைசியாகத் திருத்தியதை நம்பு என்பது எங்கள் தொழில் பழக்கம். ஆனால் அந்த 160 என்ற எண் தூங்கவிடவில்லை. அது மிகச் சரியாக 4 பெருக்கல் 40. வீட்டுக்கு மேற்கே ஒரு சந்து இருந்தது. அகலம் நாலடி. தெருவிலிருந்து நாற்பதடி உள்ளே ஓடி, பின்னால் தனியாக இருக்கும் ஒரு ஆயாவின் வாசலில் போய் முடியும்.

அந்தச் சந்து யாருடையது? இந்த ஒற்றைக் கேள்வியோடு பத்திரங்களைப் புரட்ட ஆரம்பித்தவன், நம் ஊரில் நிலம் அளந்த வரலாற்றுக்குள் போய் விழுந்தேன். வீடு வாங்கப் போகிற எவருக்கும் அது பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

2

நிலம் வாங்கும்போது எல்லையை எப்படித் தீர்மானிக்கக் கூடாது என்பதற்கு இதே தென்னாற்காட்டில் முந்நூறு வருடப் பழைய உதாரணம் ஒன்று உண்டு.

1690. திண்டிவனத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் செஞ்சிக் கோட்டையில் சிவாஜியின் மகன் ராஜாராம் இருக்கிறார். முகலாயப் படை துரத்திக்கொண்டு வருகிறது. பணம் வேண்டும். கடலூருக்குப் பக்கத்தில் தேவனாம்பட்டினத்தில் மராத்தியர் வசம் இருந்த கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்குகிறது. அப்போது சென்னையில் கவர்னர் எலிஹு யேல். வாங்கிய கோட்டைக்கு செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயர் வைத்தார்கள்.

கோட்டை சரி, அதோடு சேர்ந்து வருகிற நிலம் எவ்வளவு? பீரங்கியால் சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுமோ அவ்வளவு. இதுதான் ஒப்பந்தம். அதற்காகவே சென்னையிலிருந்து ஒரு நல்ல பீரங்கி போனது. எப்படி மருந்து கிட்டித்துச் சுட்டால் நமக்கு லாபமோ அப்படிச் சுடுவது பீரங்கிக்காரரின் கைத்திறமை என்ற தொனியில் அறிவுரையும் கூடவே போனது. சுட்டார்கள். கடலூர் நகரமே அந்த வட்டத்துக்குள் வந்து விழுந்தது. உள்ளே அகப்பட்ட ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்று பெயர் வந்தது. குண்டு உப்பலவாடி என்ற ஊரின் பெயரில் இருப்பது அந்தக் குண்டுதான் என்று கடலூர்க்காரர்கள் சொல்வார்கள்.

முதலில் படித்தபோது சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை. விற்றவருக்கு அவசரம், வாங்கியவரிடம் பீரங்கி. அந்த எல்லைக்குள் ஏற்கெனவே வீடு கட்டி, கிணறு வெட்டி, வழி போட்டு வாழ்ந்தவர்கள் இந்த பேரத்தில் ஒரு தரப்பே இல்லை. தரகர் என்னிடம் சொன்னதும் ஏறக்குறைய அதேதான். பட்டா என்ற பீரங்கி கையில் இருக்கிறது, குண்டு ஆயா வீட்டு வாசல் வரைக்கும் போகிறது, அப்புறம் என்ன?

3

நம்மிடம் நில அளவை பிரிட்டிஷ்காரர்களோடு வந்ததல்ல. முதலாம் ராஜராஜன் சுமார் 1001இல் சோழநாட்டை அளக்கச் செய்தான். 1086இல் முதலாம் குலோத்துங்கன் மறுபடி அளந்தான். இங்கிலாந்தில் டூம்ஸ்டே கணக்கு எடுத்ததும் அதே வருடம்தான். தானம் கொடுத்த நிலத்தின் எல்லையைச் சுற்றிப் பெண் யானையை நடக்கவிட்டு, அது நடந்த தடத்தில் கல்லும் கள்ளியும் நட்டு எல்லை குறித்ததைச் சோழர் செப்பேடுகள் சொல்கின்றன. யானை ஊரார் பார்க்க நடந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் சாட்சி.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களின் கணக்கு இருக்கிறது. ஊரின் மொத்த நிலம் இவ்வளவு என்று சொல்லிவிட்டு, அதிலிருந்து சிலவற்றைக் கழிக்கிறார்கள். ஊர்நத்தம், சேரிகள், கோயில்கள், குளங்கள், ஊடறுத்துப் போகிற வாய்க்கால், சுடுகாடு. இதெல்லாம் போக மிச்சமுள்ள நிலத்துக்குத்தான் வரி. நத்தம் என்றால் ஊரார் வீடு கட்டிக் குடியிருக்கிற பகுதி. ஆயிரம் வருடத்துக்கு முன்பே அது கணக்கில் கழித்துவிடுகிற இடம். விளையாத மண்ணுக்கு வரியில்லை. வரியில்லாத மண்ணில் யார் சுவர் எங்கே முடிகிறது என்பது ராஜாவின் கவலை இல்லை.

எண்ணூறு வருடம் கழித்து வந்த கம்பெனியின் கவலையும் வரிதான். 1794இல் சென்னையில் மைக்கேல் டாப்பிங் என்பவரின் பொறுப்பில் எட்டு மாணவர்களோடு ஒரு சர்வே பள்ளி தொடங்கியது. அதுதான் பிற்பாடு கிண்டி பொறியியல் கல்லூரி ஆனது. நான் படித்தது கிண்டியில் இல்லை, எனக்கு மார்க் போதவில்லை. ஆனால் தமிழ்நாட்டில் இஞ்சினியரிங் படித்த நாம் எல்லோருமே நிலம் அளக்கப் பையன்களைப் பழக்கிய அந்தப் பள்ளியின் தூரத்துச் சொந்தக்காரர்கள்தான்.

1801இல் ஆற்காட்டு நவாபிடமிருந்து கர்நாடகப் பகுதி முழுவதும் கம்பெனியின் கைக்கு வந்தது. தென்னாற்காடு ஜில்லா அப்படிப் பிறந்தது. பாரமகாலில், அதாவது இன்றைய சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்தில், 1790களில் அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் செய்து பார்த்த ரயத்துவாரி முறை மாகாணத்தின் பெரும்பகுதிக்குப் பரவியது. ஜமீன்தார் நடுவில் இல்லாமல் ஒவ்வொரு குடியானவரிடமும் அரசு நேரடியாகத் தீர்வை வாங்கும் முறை அது. நேரடியாக வாங்க வேண்டுமென்றால் ஒவ்வொரு வயலும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். 1858இல் அதற்கென்றே தனி சர்வே துறை வந்தது.

அந்தத் துறை உண்டாக்கியதுதான் புலப்படம். எஃப்எம்பி என்று நாம் இன்றும் இணையத்தில் இறக்கிப் பார்க்கிற அதே வரைபடம். ஒரு வயல் எவ்வளவு கோணல்மாணலாக இருந்தாலும் அதற்குள் மூலைவிட்டக் கோடுகள் இழுத்து முக்கோணங்களாக உடைக்கிறார்கள். வளைகிற வரப்புக்கு, அந்தக் கோட்டிலிருந்து செங்குத்தாக இத்தனை தூரம் என்று சின்னச் சின்ன அளவுகள். பார்க்க ஏணி மாதிரியே இருக்கும், பெயரும் ஏணிதான். கல் காணாமல் போனாலும் அந்த எண்களை வைத்து வரப்பை மறுபடி மண்ணில் கொண்டுவந்துவிடலாம். அளந்த சங்கிலி 66 அடி, அதில் நூறு கண்ணிகள். பத்துச் சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர், ஏக்கரில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட். நாம் ரியல் எஸ்டேட் விளம்பரத்தில் பார்க்கிற சென்ட், 435.6 சதுர அடி, அந்தச் சங்கிலியின் பேரப்பிள்ளை. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் மட்டும் இன்னும் காணியை விடவில்லை. 144 சதுர அடி ஒரு குழி, நூறு குழி ஒரு மா, நாலு மா ஒரு காணி. ஏக்கருக்கு மாற்றினால் 132 சென்ட் சொச்சம்.

இத்தனை நுட்பமும் வயலுக்கு. வீடுகள் இருந்த நத்தத்துக்கு என்ன செய்தார்கள்? மொத்தக் குடியிருப்பையும் சுற்றி ஒரு கோடு போட்டு ஒரே சர்வே நம்பர் கொடுத்தார்கள். ‘கிராம நத்தம்’ என்று ஏ ரெஜிஸ்டரில் ஒரு வரி. உள்ளே நூறு வீடு இருந்தாலும் புலப்படத்தில் வெறும் வெள்ளை. ஊர் நத்தத்துக்கும் சேரி நத்தத்துக்கும் தனித்தனி நம்பர் போட மட்டும் மறக்கவில்லை. அந்தக் கோடு சங்கிலி வருவதற்கு முன்பே மண்ணில் இருந்தது.

ராஜராஜன் கழித்ததைத்தான் கம்பெனியும் கழித்தது.

4

அப்படியானால் நத்தத்தில் வீடு வாங்கி விற்றவர்கள் எல்லையை எப்படி எழுதினார்கள்? ஆட்களை வைத்து எழுதினார்கள். பழைய பத்திரங்களில் சக்குபந்தி என்று ஒரு பகுதி வரும். இன்னார் வீட்டுக்கு மேற்கு, இன்னார் தோட்டத்துக்கு வடக்கு, தெருவுக்குத் தெற்கு, பொதுச்சந்துக்குக் கிழக்கு, இந்த நான்கெல்லைக்கு உட்பட்ட மனையும் வீடும். சர்வே நம்பர் எதுவும் சொல்லாத இடத்தில் பக்கத்து வீட்டுக்காரர்தான் எல்லைக் கல். அடிக்கணக்கு அதற்குப் பிறகுதான். பத்திரத்தில் எழுதிய எல்லைக்கும் அளவுக்கும் முரண் வந்தால் பொதுவாக எல்லையே நிற்கும் என்று நீதிமன்றங்கள் சொல்வதும் இதனால்தான்.

அரசாங்கம் நத்தத்துக்குள் சங்கிலியோடு நுழைந்தது மிகவும் தாமதமாக. 1979இல் தொடங்கி 1987 வரை நடந்த யுடிஆர் திட்டத்தில் மாநிலம் முழுக்க நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்தார்கள். ஏக்கர் சென்ட் போய் ஹெக்டேர் ஏர் வந்தது. நடுவிலே 1980 நவம்பரில் எம்ஜிஆர் அரசு கர்ணம், மணியக்காரர் பதவிகளை ஒழித்துவிட்டு விஏஓக்களைக் கொண்டுவந்தது. உச்ச நீதிமன்றம் 1982இல் அது செல்லும் என்றது. ஒரு சில குடும்பங்களின் பிடியிலிருந்து ஊர்க் கணக்கு விடுபட்டது பெரிய விஷயம். அதே சமயம், எந்தச் சந்து யாருக்கு என்று மனப்பாடமாகத் தெரிந்த ஆள் போய், ஊருக்குப் புதிய ஆள் வந்ததும் அப்போதுதான்.

யுடிஆரைத் தொடர்ந்து நத்தம் நிலவரித் திட்டம் வந்தது. முதல்முறையாக ஒவ்வொரு வீட்டையும் தனியாக அளந்து, உட்பிரிவு எண் போட்டு, முதலில் தோராயப் பட்டா, ஆட்சேபணை கேட்ட பிறகு தூய பட்டா என்று கொடுத்தார்கள். பலருக்கும் வீட்டின் பேரில் கிடைத்த முதல் அரசுக் காகிதம் அது. ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒரே நாளில் ஒரு தெருவையே அளக்க வேண்டும். வீட்டில் இருப்பவர் கை காட்டுகிற இடம்தான் எல்லை. வயலுக்கு நூறு வருடமாகக் கல்லும் ஏணியும் இருந்தன, வீட்டுக்கு எதுவும் இல்லை. ஆள் இல்லாத வீட்டுக்கு வாய் கிடையாது. சந்துக்கு எப்போதுமே வாய் கிடையாது. பக்கத்தில் சத்தமாகப் பேசியவரின் மனையோடு அது சேர்ந்துவிடும்.

இணையத்தில் பட்டா பார்க்கிற என் தலைமுறைக்கு இது புரிவது கஷ்டம். திரையில் வந்துவிட்டால் அது உண்மை என்று நம்புகிறோம். கணினியில் ஏற்றப்பட்டது பிழையையும் சேர்த்துத்தான். பட்டா உரிமை மூலம் ஆகாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. கிராம நத்தம் அரசுக்குச் சொந்தமான நிலமல்ல, குடியிருப்பவருடையது என்றும் சென்னை உயர் நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. வில்லங்கச் சான்று பதிவான பத்திரங்களைக் காட்டும். பதிவாகாத பங்காளிச் சண்டையைக் காட்டாது. 1923ஆம் வருட சர்வே எல்லைச் சட்டம் எல்லையைக் குறிக்கும், ஆட்சேபிக்க வழியும் கொடுக்கும். ஆனால் ‘இது என் வீட்டுக்குப் போகிற வழி’ என்று சொல்ல அங்கே ஒருத்தர் நிற்க வேண்டும்.

5

ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவரைத் தேடிப் பிடித்தேன். அதிகாரப்பூர்வமான அளவைக்குத் தனியாக மனு போட வேண்டும், இவர் அளப்பது நம் தெளிவுக்குத்தான். வந்ததும் அவர் டேப்பை எடுக்கவில்லை. மூலப்பத்திரத்தைக் கேட்டார். பிறகு ஏ ரெஜிஸ்டர் நகலைக் கேட்டார்.

“நத்தம்தானா, இல்ல புறம்போக்கான்னு மொதல்ல பாக்கணும் தம்பி. இந்தப் பக்கம் ஏரி அதிகம். ஏரிப் பொறம்போக்குல ஊடு கட்டி மூணு தலைமொறை ஆயிருக்கும், பாக்க ஒண்ணும் தெரியாது. டிசி நெலமான்னும் பாக்கணும்.”

1891இல் செங்கல்பட்டு கலெக்டர் டிரமன்ஹீர் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலத்தைத்தான் டிசி நிலம் என்றார். அதை மற்றவர்கள் வாங்க முடியாது. வாங்கியிருந்தாலும் செல்லாது. என் மனை நத்தம்தான், தப்பித்தேன்.

அடுத்து அவர் சொன்னதுதான் எனக்கு ஆச்சரியம். “நாலு பக்கத்து ஆளுங்களையும் கூப்புடுங்க. அவங்க இல்லாம அளந்தா அது அளவு இல்ல.”

தரகருக்கு முகம் சுருங்கியது. “எதுக்கு சார் தூங்கறவங்கள எழுப்பிக்கிட்டு?” என்று என் காதருகே முணுமுணுத்தார்.

வந்தார்கள். கிழக்கு வீட்டுக்காரர், தெற்குத் தோட்டத்துக்காரர், மேற்கே தெருவோரம் இருக்கும் வீட்டுக்காரர், கடைசியாக அவருடைய அண்ணி முறையான ஆயா. டேப் பிடித்தோம். வீட்டுச் சுவரிலிருந்து சுவருக்கு, ஓட்டுத் தாழ்வாரம் சொட்டுகிற இடம்வரை சேர்த்து, கிழமேல் இருபத்திரண்டடி. 1962இல் எழுதியவர் ஒரு விரற்கடைகூடத் தப்பாக எழுதவில்லை. அதற்கு அப்புறம் சந்து. பத்திரத்தின் மேற்கெல்லையைச் சர்வேயர் சத்தமாக வாசித்தார்: பொதுச்சந்துக்குக் கிழக்கு.

ஆயா திண்ணை ஓரமாக நின்றிருந்தது. யாரும் கேட்காமலேயே சொன்னது. “எங்க ஊட்டுக்கு இதான் வழி சாமி. நான் கல்யாணமாயி வந்ததும் இதுலதான். எங்க ஊட்டுக்காரரு பாடை போனதும் இதுலதான். நாலு பேரு தோள் குடுத்துப் போறதுக்கு எடம் வேணும்னு எம் மாமனாரு உட்டாரு.”

நாலடிக்கு அதைவிடத் துல்லியமான விளக்கம் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.

“பட்டாவுல இது எங்களுதுன்னுதான் இருக்கு,” என்றார் விற்பவர், கொஞ்சம் தயங்கி. அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய அப்பாவும் ஏமாற்ற நினைத்திருப்பார் என்று தோன்றவில்லை. அளந்த அன்று ஆயா களையெடுக்கப் போயிருந்ததாம்.

அன்று இரவு விழுப்புரத்தில் லாட்ஜில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 160 சதுர அடி. அந்தச் சந்தைச் சேர்த்தால்தான் காருக்கு இடம் கிடைக்கும். பட்டா என் பக்கம். கோர்ட்டுக்குப் போகிற வசதி ஆயாவுக்கு இல்லை. நான் எதுவும் செய்ய வேண்டாம், அளவைப் பட்டாப்படி எழுதிப் பதிவு செய்தாலே போதும். குண்டு தானாகப் போய் விழும். இந்த நினைப்பு எனக்கு வரவில்லை என்று எழுத ஆசைதான். வந்தது. இரண்டு நாள் இருந்தது.

மூன்றாம் நாள் விற்பவருக்கு போன் செய்தேன். “அண்ணே, 1,540க்குத்தான் வெல. மேற்கெல்லை பழைய பத்திரத்துல இருக்கறபடி பொதுச்சந்துன்னே எழுதணும். பட்டாவுல திருத்தறதுக்கும் நீங்க சேர்ந்து மனு போடணும்.” அவர் ஒரு வாரம் பேசவில்லை. தரகர் அதற்குப் பிறகு பேசவே இல்லை. கடைசியில் ஒத்துக்கொண்டார். சந்தைத் தனியாகக் காட்டும் வரைபடத்தோடு பத்திரம் பதிவானது. நத்தம் பதிவேட்டைத் திருத்தச் சொன்ன மனு இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிறது. கார் தெருவில்தான் நிற்கிறது.

பழைய கிராமத்து வீட்டை வாங்கப் போகிறவர்கள் சுவரைத் தட்டிப் பாருங்கள், உத்திரத்தைப் பாருங்கள். மூலப்பத்திரம், வில்லங்கம், ஏ ரெஜிஸ்டர், நத்தம் பதிவு எல்லாம் பாருங்கள். அளவு கூடியிருந்தால், குறைந்திருப்பதைவிட அதிகமாகச் சந்தேகப்படுங்கள். கூடிய அடி எங்கிருந்தோ வந்திருக்கும். பிறகு நான்கு பக்கத்துக் கதவையும் தட்டுங்கள். வயலை அளந்தது அரசு. நம் ஊர்களில் வீட்டை அளந்து வைத்திருப்பது பக்கத்து வீடுகள்தான்.

குடிபோன அன்று ஆயா ஒரு படி நெல்லும் வாழைப்பழமும் கொண்டுவந்தது. சந்து வழியாகத்தான் வந்தது. அதற்கு விழுப்புரத்தில் ஒரு பேரன் இருக்கிறான். நாளைக்கு அவன் அந்த வீட்டின் பேரில் ஏதாவது பத்திரம் எழுதினால், சக்குபந்தியில் கிழக்கெல்லைக்கு நேராக பொதுச்சந்து வரும், அதற்கு அப்பால் என் பெயர் வரும். என் பெயர் இதுவரை எத்தனையோ படிவங்களில் ஏறியிருக்கிறது. ஒருவருக்கு எல்லையாக ஏறப்போவது இதுதான் முதல் தடவை.